பொறித் தாளமும் உறுமியும்

கலப்பிசை என்றாலே முகஞ்சுளிப்பவர் நம் ஆசிரியருள் பலர். நானும் அப்படித்தான் இருந்தேன். உறுமி ஓசையைக் கணினியில் ஏற்றி மேனாட்டுத் தாளத்தோடு கோத்து வந்த பழைய மாணவனொருவனைக் கடிந்தும் இருக்கிறேன். பின்னர் அவனே போட்டுக் காட்டிய இசைத்தட்டொன்று என்னைத் தயங்கச் செய்தது.

டில்லியைச் சேர்ந்த கௌரவ் ரைனா, தபன் ராஜ் என்னும் இருவரின் ‘மிடிவல் பண்டிட்ஸ்’ 2002-இல் வெளியிட்ட முதல் தொகுப்பு அது. நடன இரவுகளில் டிஜேக்களாக இசை நடத்துபவர்கள் இவர்கள். மீரா நாயரின் ‘மான்சூன் வெட்டிங்’ (2001) படத்தில் இடம்பெற்ற ‘ஃபேப்ரிக்’ இதில் உண்டு. எனினும் ‘பங்ரா ஃபீவர்’ என்பதையே முதலில் கேட்கவேண்டும். பஞ்சாபித் தாளம் துள்ளி அசைவது. பொறியின் தாளமோ அளவுகோல் பிடித்தாற்போல் நேரே செல்வது. இரண்டும் இழுபறிப்படும் இடங்களில் உயிர் இருக்கிறது. ஒரே துண்டு திரும்பத் திரும்ப வரும்போதோ, வாய்பாடு ஒப்பிக்கும் வகுப்பறைதான் நினைவுக்கு வந்தது.

ஆயினும் தட்டை மட்டும் வைத்து இவர்களை எடைபோடுதல் முறையன்று. நடன அரங்கில் டிஜே ஆடுவோரைப் பார்த்தே அடுத்த இசையைத் தேர்கிறார். சுங்கைப் பட்டாணித் தைப்பூசத்தில் நம் உறுமிக்காரர் செய்வதும் அதுவே. காவடி எடுப்பவரின் கால் தளர்ந்தால் அடி மாறும். அந்தக் கண் தட்டில் பதிவதில்லை. என் மாணவன் கணினியில் கோத்ததிலும் அது இல்லை. உறுமிக் குழுவில் வாசிக்கும் அவனிடம் இதைச் சொல்லியிருந்தால் உடனே விளங்கியிருக்கும். நானோ, கலந்தான் என்பதற்காகக் கடிந்தேன்.