உங்கள் இரத்த வகை வேடனா, உழவனா?

கருவேப்பிலங்குறிச்சியில் படிக்கும் மாணவரானாலும் சென்னையில் பணிபுரியும் அலுவலரானாலும், உங்கள் அடையாள அட்டையில் ஏ, பி, ஏபி, ஓ என்ற நான்கில் ஒன்று எழுதப்பட்டிருக்கலாம். அது எதற்கு என்று கேட்டால், ஆபத்துக் காலத்தில் பொருத்தமான இரத்தம் தேடுவதற்கு என்பீர்கள். சரியே. ஆனால் கார்ல் லாண்ட்ஸ்டைனர் இவ்வகைகளைப் பற்றி எழுதி வெளியிட்டதே 1901-இல்தான். பாதுகாப்பாக இரத்தம் செலுத்தும் முறை அதற்குப் பிறகு வந்தது. மனிதன் என்றோ ஒருநாள் இரத்ததானம் செய்வான் என்று எண்ணி இயற்கை இவ்வேறுபாடுகளை உண்டாக்கவில்லை. அப்படியானால் இவை ஏன் தோன்றின?

இதற்கு எளிய விடை கூறிப் புகழ்பெற்ற நூல் ஒன்று உண்டு. அமெரிக்க இயற்கை மருத்துவர் பீட்டர் டி'அடாமோ 1996-இல் வெளியிட்ட ‘ஈட் ரைட் ஃபார் யுவர் டைப்’ என்பது அதன் பெயர். ஆதியில் வேட்டையாடிய மனிதர் அனைவரும் ஓ வகை. உழவு வந்தபின் ஏ வகை தோன்றியது. கால்நடைகளுடன் அலைந்த மக்களிடம் பி வகை பிறந்தது. ஏபி வகை சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வந்த கலப்பு என்கிறது அந்நூல். ஆகவே ஓ வகையினர் இறைச்சியும், ஏ வகையினர் காய்கறியும், பி வகையினர் பாலும் உண்ண வேண்டுமாம். கேட்பதற்கு இனிய கதைதான். ஆனால் அது உண்மைதானா என்று பார்ப்போம்.

முதலில் இரத்த வகை என்றால் என்ன? விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைகளை எண்ணிக் கொள்ளுங்கள். ஒரே அச்சில் வார்த்த பொம்மைகளுக்கு ஒரே அடிப்பூச்சு பூசி, அதன்மேல் கடைசித் தீட்டை மட்டும் மாற்றினால் அவை வெவ்வேறாகத் தெரியும் அல்லவா? நம் சிவப்பணுக்களும் அவ்வாறே. அவற்றின் மேல் ‘எச்’ என்ற சர்க்கரைத் தொடர் அடிப்பூச்சாக உள்ளது. அதன் நுனியில் ஒருவகைச் சர்க்கரை சேர்ந்தால் ஏ. வேறொரு சர்க்கரை சேர்ந்தால் பி. இரண்டும் இருந்தால் ஏபி. எதுவும் சேராவிட்டால் ஓ. இச்சர்க்கரையைச் சேர்ப்பது ஒரு நொதி. அதை ஆக்கும் மரபணுவின் அமைப்பை யாமமோட்டோ குழுவினர் 1990-இல் வெளியிட்டனர். ஏ நொதிக்கும் பி நொதிக்கும் உள்ள வேறுபாடு நான்கே அமினோ அமிலங்கள்தாம். ஓ வகையில் பெரும்பாலும் மரபணுவின் ஒரே ஓர் எழுத்து விடுபட்டு நொதி செயலிழந்து கிடக்கிறது.

இங்கேயே நூலின் முதல் தூண் சாய்கிறது. பழுதான பூட்டு இருந்தால், அதற்கு முன்னர் நல்ல பூட்டு இருந்திருக்க வேண்டும். செயலிழந்த ஓ முதலில் தோன்றி, செயல்படும் ஏ பின்னர் வந்தது என்பது தலைகீழ்க் கதை. மேலும், ஏ, பி வேறுபாடு மனிதனுக்கு மட்டும் உரியதன்று. அது கிப்பன் குரங்குகளிடமும் உண்டு. மனிதரையும் குரங்கினங்களையும் ஒப்பிட்டு 2012-இல் வெளியான ஆய்வு, இவ்வேறுபாடு குறைந்தது 2 கோடி ஆண்டுப் பழமையுடையது என்று காட்டியது. உழவுத் தொழிலுக்கோ வயது பத்தாயிரம் ஆண்டுகளை ஒட்டியதுதான். ஏபி என்பதும் புதிய படைப்பன்று. தாயிடமிருந்து ஏ, தந்தையிடமிருந்து பி பெற்ற குழந்தை எக்காலத்திலும் ஏபிதான்.

நம் நாட்டிலேயே இதற்கு மற்றொரு சான்று உண்டு. 1952-இல் பம்பாயில் டாக்டர் பெண்டேயும் அவருடைய குழுவினரும் புதுமையான இரத்தம் ஒன்றைக் கண்டறிந்தனர். அதில் ‘எச்’ என்ற அடிப்பூச்சே இல்லை. ஆகவே ஏ மரபணு இருந்தாலும் தீட்டு ஒட்டுவதற்கு இடமில்லை. இந்தியாவில் சுமார் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு இந்தப் ‘பம்பாய் வகை’ உண்டு. அவர்கள் மற்றவரைப் போலவே உண்டு, உழைத்து, நலமாக வாழ்கின்றனர். உணவுக்கும் இச்சர்க்கரைக்கும் நூல் கூறும் உறவு உண்மையானால், இவர்கள் எதைத்தான் உண்பது?

சோதனையும் செய்து பார்த்தாயிற்று. டொரொன்டோ பல்கலைக்கழகத்தார் 1,455 பேரிடம் நடத்திய ஆய்வு 2014-இல் வெளியாயிற்று. ‘ஏ வகை உணவு’ எனப்பட்ட காய்கறி மிகுந்த உணவை ஒட்டி உண்டவர்களிடம் இரத்த அழுத்தம் முதலியவை குறைந்தே காணப்பட்டன. ஆனால் அந்த நன்மை எல்லா இரத்த வகையினருக்கும் ஒன்றுபோலக் கிட்டியது. நன்மைக்குக் காரணம் காய்கறி; இரத்த வகையன்று.

அப்படியானால் உண்மை விடை யாது? கிருமிகளோடு நடந்துவரும் நெடும்போரே காரணம் என்று அறிவியலார் கருதுகின்றனர். இந்தச் சர்க்கரைகள் இரத்தத்தில் மட்டுமல்ல, குடலின் உட்சுவரிலும் பலருடைய உமிழ்நீரிலும் உள்ளன. கிருமிகள் நுழையும் வாயில்கள் அவையே. மாலி நாட்டுக் குழந்தைகளிடம் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், கடும் மலேரியா கண்டவர்களில் 21 சதவீதத்தினரே ஓ வகை. நலமாயிருந்தவர்களில் அது 44 சதவீத அளவில் இருந்தது. கிருமி புகுந்த சிவப்பணுக்கள் பிற அணுக்களைச் சேர்த்து ஒட்டிக்கொண்டு சிறு இரத்தக் குழாய்களை அடைப்பது ஓ வகையில் குறைவு. ஆனால் காலராவில் நிலைமை நேர்மாறு. வங்கதேசத்தில் நடந்து 1985-இல் வெளியான ஆய்வில், ஓ வகையினரையே காலரா கடுமையாகத் தாக்கியது தெரிந்தது. ஒரு நோயில் கேடயமாவது மற்றொன்றில் பலவீனமாகிறது. அதனால்தான் எந்த ஒரு வகையும் முற்றாக வெல்லவில்லை; எதுவும் அழிந்துபோகவும் இல்லை. பலவகையினர் கலந்து வாழும் கூட்டத்தை எந்த ஒரு கிருமியும் முழுமையாக வீழ்த்துவது கடினம்.

நோய்க்கும் இரத்த வகைக்கும் தொடர்புண்டு என்று அந்நூல் கூறுவது தவறன்று. அதன்மேல் வேடன், உழவன் என்ற கற்பனைக் கட்டடம் எழுப்பியதே தவறு. இக்கற்பனையை நம்பி, வளரும் பிள்ளைக்குப் பாலையோ பருப்பையோ நிறுத்துவோர் உண்டு. இழப்பு பிள்ளைக்குத்தான்.

வாசகர்களே, உங்கள் இரத்த வகையை அறிந்து வையுங்கள். சமையலறைக்காக அல்ல, இரத்த வங்கிக்காக. பம்பாய் வகை சாதாரணச் சோதனையில் ஓ என்றே தோன்றும். அவருக்கு ஓ இரத்தம் ஏற்றினாலும் உயிருக்கு ஆபத்து. சோதனைக் கூடத்தில் ஓ வகைச் சிவப்பணுக்களைச் சேர்த்துப் பார்த்தால் இது வெளிப்பட்டுவிடும். ஆகவே இரத்தம் ஏற்றுமுன் முழுச் சோதனையும் பொருத்தமும் பார்க்கப்பட்டனவா என்று மருத்துவமனையில் கேட்கத் தயங்காதீர்கள்.