கோட்டுக்கு வெளியே நிற்கிறவர்

உடுமலை, பல்லடம் பக்கம் ரேக்ளா மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்தவர்களுக்குத் தெரியும். 200 மீட்டர், 300 மீட்டர், வண்டிகள் ஒவ்வொன்றாக வரும், கடிகாரம்தான் எதிராளி. புழுதி அடங்குவதற்குள் முடிந்துவிடும். அதற்காக மாதக்கணக்கில் காளைகளை நடக்கவிட்டு, நீச்சலடிக்கவிட்டு, பருத்திக்கொட்டை அரைத்து வைத்தவர் கோட்டுக்கு வெளியே தோளில் துண்டோடு நிற்பார். வண்டியை எல்லாரும் பார்க்கட்டும். நான் அவர் முகத்தைப் பார்ப்பேன்.

எங்கள் ஊரில் நிட்டிங் மெஷின் சத்தம் ஓய்ந்த ஒரு ஞாயிறு மதியம், குழந்தையும் குதிரையும் வரும் இரண்டு பழைய ஹாலிவுட் படங்களை அடுத்தடுத்துப் பார்த்தபோது அந்த முகம்தான் நினைவுக்கு வந்தது. 'நேஷனல் வெல்வெட்' வந்தது 1944இல். 'தி பிளாக் ஸ்டாலியன்' 1979இல். இடையில் 35 வருஷம். இரண்டிலும் குதிரையைப் பழக்குகிறவர் மிக்கி ரூனி. இரண்டிலும் அவர் முன்னாள் ஜாக்கி. முதல் படத்தில் ஒரு விபத்துக்குப் பிறகு குதிரை ஏறவே பயப்படும் இளைஞன். இரண்டாவதில் தலை நரைத்த பயிற்சியாளர். இந்த இரண்டாவது வேஷத்துக்கு ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது.

முதலில் பந்தயக் கணக்கு. வெல்வெட் என்ற சிறுமியாக 12 வயது எலிசபெத் டெய்லர், முடியை வெட்டி, ஆண் வேஷம் போட்டு, இங்கிலாந்தின் கிராண்ட் நேஷனலில் ஓட்டுகிறாள். ஏறத்தாழ 7 கிலோமீட்டர், 30 தாண்டல்கள். உலகில் கடினமான தடைப் பந்தயங்களில் ஒன்று. முதலில் வந்தும் பரிசு இல்லை. ஜாக்கி இறங்குவதற்குக் குறித்த இடத்துக்குப் போய்ச் சேரும் முன்பே மயங்கிக் கீழே விழுந்துவிடுகிறாள். குரூரமாகத் தோன்றும், ஆனால் விதிக்குக் காரணம் உண்டு. ஜாக்கியின் எடையைப் பந்தயத்துக்கு முன்னும் பின்னும் பார்ப்பார்கள். குறைகிற எடைக்குச் சேணத்தில் ஈயம் வைப்பார்கள். வழியில் இறங்கினால் அந்தக் கணக்குக்கு யார் பொறுப்பு? குழந்தைகள் படத்தில் ஜெயித்தவளைத் தோற்கடிக்க ஒரு தைரியம் வேண்டும். நம் படமாக இருந்தால் நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கோப்பையைக் கையில் கொடுத்திருப்பார்.

அன்று பெண்களுக்கு அந்தப் பந்தயத்தில் இடமே கிடையாது. 1977இல்தான் சார்லட் புரூ முதல் பெண்ணாக ஓட்டினார். 2021இல் ரேச்சல் பிளாக்மோர் மினெல்லா டைம்ஸ் என்ற குதிரையில் ஜெயித்தார். டெய்லர் நடித்துக்காட்டியது நிஜமாக 77 வருஷம் ஆயிற்று.

'பிளாக் ஸ்டாலியன்' பந்தயத்தை என்னால் அவ்வளவு எளிதில் ஏற்க முடியவில்லை. தொடக்கத்திலேயே காயம், பின்தங்கல், அப்புறம் எதிரே ஓடும் இரண்டு சாம்பியன் குதிரைகளையும் முந்துவது. இந்தப் படத்தின் நாயகன் அரபுக் குதிரை, அதன் பலம் நெடுந்தூரம். குறுகிய தூர வேகத்துக்கென்றே வளர்த்த தரோபிரெட் பந்தயக் குதிரையை அது ஓடிப்பிடிப்பது சினிமாவில்தான் நடக்கும். ஆனால் பந்தயத்துக்கு முந்தைய பகுதியில் குறை சொல்ல இடமில்லை. ஆளில்லாத தீவில் சிறுவனும் குதிரையும் பேச்சே இல்லாமல் ஒருவரையொருவர் அளந்துபார்க்கும் நீண்ட காட்சிகள். பையனாக நடித்த கெல்லி ரெனோ கொலராடோ பண்ணை வீட்டுப் பிள்ளை. கேமரா முன்னால் வருவதற்கு முன்பே குதிரையேற்றம் தெரிந்தவன். உட்காருகிற விதத்திலேயே அது தெரிகிறது. இடுப்பு இளகியிருக்கிறது, கை பிடரியைப் பிடுங்குவதில்லை. பிறகு ரூனி அவனை வைக்கோல் கட்டின் மேல் உட்காரவைத்து லகான் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பார். அசையாத குதிரையில் பாடம்! முழுப் படத்திலும் எனக்குப் பிடித்த ஓட்டம் அதுதான்.

நம் பக்கம் குதிரைப் படம் எடுக்க ஆள் இல்லாமல் இல்லை. கோயம்புத்தூர்க்காரர் சாண்டோ சின்னப்பா தேவர் மிருகங்களை வைத்தே கம்பெனி நடத்தினார். 1957இல் அவருடைய 'நீலமலைத் திருடன்' படத்தில் ரஞ்சனோடு குதிரையும் ஒரு நடிகர். ஆனாலும் தமிழ் சினிமாவில் குதிரை பெரும்பாலும் கதாநாயகனின் வாகனம். பிள்ளைகள் கையில் லகானை யாரும் கொடுக்கவில்லை.

திரையில் இல்லாத பிள்ளைகளை ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தையில் பார்க்கலாம். காதுநுனிகள் உள்வளைந்து ஒன்றையொன்று தொடும் மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகள் வரிசையாக நிற்கும். வாங்க வந்தவர் பல்லைப் பார்ப்பார், குளம்பைத் தூக்கிப் பார்ப்பார், விலை பேசுவார். அவர் கூட வந்த பொடியன் விலையைக் கேட்பதே இல்லை. குதிரையின் மூக்குக்குக் கீழே உள்ளங்கையை நீட்டிக்கொண்டு, மூச்சு எப்போது படும் என்று காத்திருப்பான்.