வாடகை வீடும் ஊர்ப்பற்றும்: தருமபுரியை நேசிப்பது குறித்துச் சில கேள்விகள்

1

'வந்த ஊரில் நேசிக்க ஏதாவது இருக்கும், தேடிப் பார்' என்பது குடிபெயர்ந்தவனுக்கு எல்லோரும் சொல்லும் புத்திமதி. கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் புத்திமதி சிலவற்றை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு பேசுகிறது. வந்தவனுக்கு வீடு கிடைத்துவிட்டது, தெருவில் அவனை யாரும் தடுக்கவில்லை, மிச்சம் இருப்பது ரசனை மட்டும்தான் என்கிறது. ரசனைக்கு முந்தைய கேள்வி ஒன்று உண்டு. ஒரு ஊரை நேசிக்க யாருக்கு அனுமதி? தருமபுரியை வைத்து அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

நான் காவிரியின் கடைமடையிலிருந்து இங்கே மாற்றலாகி வந்தவன். 'அந்தத் தண்ணியில்லாத காட்டுக்கா?' என்றார்கள் ஊரில். இங்குள்ள நண்பர்கள் ஒரு பட்டியல் கொடுத்தார்கள்: ஒகேனக்கல், அங்கே பொரித்துத் தரும் மீன், பாலக்கோட்டுத் தக்காளிச் சந்தை, கோட்டைக் கோயிலின் தொங்கும் தூண், மார்கழிக் குளிர், மாம்பழம். பட்டியலில் பொய் ஒன்றுமில்லை. மாம்பழம் இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் இதில் மனுசன் ஒருத்தன்கூட இல்லை.

ஒகேனக்கல்லையே எடுத்துக்கொள்வோம். பிலிகுண்டுலுவில் எத்தனை கன அடி என்று பேப்பரில் பார்த்து வளர்ந்தவர்கள் டெல்டாக்காரர்கள். அந்தக் காவிரி வந்து விழுகிற இந்த மாவட்டத்தில் சனங்கள் தலைமுறை தலைமுறையாக ஃப்ளூரைடு கலந்த நிலத்தடி நீரைக் குடித்தார்கள். பல்லில் பழுப்புக் கறை, எலும்பில் நோவு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு 2013இல்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அருவி ஒரு பிரதி என்றால் அந்தப் பல் இன்னொரு பிரதி. இரண்டையும் சேர்த்து வாசிக்காத நேசம் சுற்றுலாத் துறைக்குச் சொந்தம்.

2

இந்த ஊரோடு ஒட்டிக்கொண்ட வெளியூர்க்காரர்களின் வரலாறு நீளமானது. மூன்று பேரைப் பார்க்கலாம்.

முதலாவது ஔவை. அதியமானின் தகடூருக்குப் பரிசில் தேடி வந்தவர். பரிசு தாமதமானபோது வாயிற்காவலனைப் பார்த்துக் கோபமாக அவர் பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. உன் தலைவனை விட்டால் எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லையென்று நினைத்தாயா என்கிற தொனி அதில். நம் பாடநூல்கள் நெல்லிக்கனியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன; இந்தக் கோபத்துக்கு அந்த அளவு இடம் தரவில்லை. வெளியேறும் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு நேசித்தவர் ஔவை. அதியமான் இறந்தபோது அழுதவரும் அவரேதான். கோபமும் அழுகையும் ஒரே உறவின் இரண்டு பக்கம்.

இரண்டாவது தாமஸ் மன்றோ. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் கும்பினியின் கைக்கு வந்தது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடுக்கு உதவியாளராக வந்த மன்றோ 1799 வரை இந்தப் பகுதியில் இருந்தார். தருமபுரியில் தோட்டம் போட்டார். பிறகு கனராவுக்கு அனுப்பப்பட்டபோது இந்த ஊரை நினைத்து ஏக்கத்தோடு கடிதம் எழுதினார். அந்த நேசம் போலி என்று நான் சொல்லவில்லை. ஆனால் தோட்டத்திலிருந்து எழுந்துபோய் அவர் பார்த்த வேலை, நிலத்தை அளந்து தீர்வை விதிப்பது. ரயத்துவாரி முறை உருவானது இந்த மண்ணில்தான். அவர் நேசித்த ஊரும் அளந்த ஊரும் ஒன்றே. அளந்தவரின் கடிதங்கள் அச்சில் கிடைக்கின்றன. அளக்கப்பட்ட குடியானவன் என்ன நினைத்தான் என்பதை அவன் கட்டிய தீர்வையிலிருந்துதான் ஊகிக்க வேண்டும்.

மூன்றாவது சுப்பிரமணிய சிவா. வத்தலக்குண்டுக்காரர். 1908இல் வ.உ.சி.யோடு தண்டிக்கப்பட்டவர், சிறையிலிருந்து தொழுநோயோடு வெளியே வந்தார். நோயைக் காட்டி ரயிலில் ஏறக்கூடாது என்று அரசு தடை போட்டது. கால்நடையாகவே ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பாப்பாரப்பட்டியில் ஆசிரமம் அமைத்தார். 1925 ஜூலை 23 அன்று அங்கேயே இறந்தார். ரயில் ஏற்ற மறுத்த உடம்புக்கு ஒரு ஊர் இடம் கொடுத்தது. அருவியும் குளிரும் இந்தக் கணக்கில் வராது.

ஔவைக்குக் கலை இருந்தது, மன்றோவுக்கு அதிகாரம் இருந்தது. சிவாவின் கதைதான் நம்முடைய கேள்விக்குக் கிட்டத்தில் வருகிறது: ஊர் முதலில் உன்னை ஏற்க வேண்டும், அதற்குப் பிறகுதான் நீ ஊரை நேசிப்பது.

3

இனி வாடகை வீட்டுக்கு வருவோம். 'டூலெட்' பலகை தொங்கும் வாசலில் நடக்கும் உரையாடல் இப்படிப் போகும்:

'எந்தூருங்க?'

'அந்தூர்ல எந்தப் பக்கங்க?'

'குலதெய்வம் எதுங்க?'

'கவுச்சி சமைப்பீங்களா?'

சாதி என்ற சொல் ஓரிடத்தில்கூட வராது. வராமலே எல்லாம் கேட்கப்பட்டுவிடும். எனக்கு இரண்டாவது கேள்வியிலேயே சாவி கிடைத்தது. அதே மாதம் மாற்றலாகி வந்த தலித் நண்பருக்கு நாலு கேள்வி தாண்டியும் கிடைக்கவில்லை. 'வூட்ல கேட்டுச் சொல்றங்க' என்பதோடு சரி. அவர் இன்றும் சேலத்திலிருந்து வந்துபோகிறார்; தொப்பூர் கணவாயை ஒரு நாளைக்கு இரண்டு தடவை தாண்டுகிறார். தருமபுரியில் உங்களுக்குப் பிடித்தது என்ன என்று அவரிடம் கேட்டால், 'கடைசி பஸ்ஸு' என்பார். இது தருமபுரிக்கு மட்டும் உரிய நோய் இல்லை. என் கடைமடை ஊரிலும் இதே நாலு கேள்விதான், வட்டார வழக்கு மட்டும் வேறு.

இதைத் திருப்பிப் போட்டும் பார்க்க வேண்டும். ஆட்கள் வந்து சேர்வதைவிடக் கிளம்பிப் போவதுதான் இந்த மாவட்டத்தில் அதிகம். பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு, திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்கு. அங்கே அவர்கள் எதை நேசித்திருப்பார்கள்? பெங்களூர் ஒன்றும் சொர்க்கம் இல்லை. தகரக் கொட்டகையில்தான் படுக்கை. ஆனாலும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் 'எந்தத் தெரு நீ?' என்று பக்கத்து ஆள் கேட்பது குறைவு. நம் ரசனைப் பட்டியல்களில் ஏறாத நேசம் இது.

நாயக்கன்கொட்டாய் பக்கத்து நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் இளைஞர்கள் அந்தக் கூலியைக் கொண்டுவந்து கல்லு வீடு கட்டினார்கள். டிவி, பீரோ, வண்டி வாங்கினார்கள். 2012 நவம்பர் 7 அன்று மூன்று காலனிகளும் கொளுத்தப்பட்டன. 268 வீடுகள் என்று நாளிதழ்கள் எழுதின. தலித் இளைஞரான இளவரசன் வன்னியர் பெண்ணை மணந்ததும், பெண்ணின் தந்தை இறந்ததும் காரணம் என்று சொல்லப்பட்டது. பீரோவை உடைத்துப் பணமும் நகையும் எடுத்துக்கொண்டே தீ வைத்தார்கள் என்று பாதிக்கப்பட்டவர்கள் சொன்னார்கள். 2013 ஜூலை 4 அன்று இளவரசன் ரயில் பாதையோரம் பிணமாகக் கிடந்தார்.

காதல் என்ற ஒற்றைக் காரணம் அந்த நெருப்பை விளக்கப் போதாது. காதல் என்றால் ஒரு வீடு போதும், மூன்று காலனி எதற்கு? நகரத்தில் கொஞ்சம் ருசி பார்த்த சமத்துவத்தைச் சிமெண்டாகவும் செங்கல்லாகவும் சொந்த ஊருக்குக் கொண்டுவந்ததுதான் பொறுக்கவில்லை. வந்தவனுக்கு வாடகை வீட்டை மறுக்கும் அதே சொல்லாடல், பிறந்தவனின் சொந்த வீட்டைக் கொளுத்துகிறது.

4

அப்படியானால் இங்கே நேசிக்க ஒன்றுமே இல்லையா என்று நண்பர்கள் எரிச்சலோடு கேட்கிறார்கள். இருக்கிறது.

சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அங்கே நுழைந்தார்கள். பழங்குடிப் பெண்கள் 18 பேரை வன்புணர்ந்தார்கள். ஊரையே அடித்து நொறுக்கினார்கள். சனங்கள் சிறைக்கும் காட்டுக்கும் சிதறிப் போனார்கள். பிறகு திரும்பி வந்தார்கள். அந்தத் திரும்புதலைத்தான் நான் ஊர்ப்பற்று என்பேன். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் துணை நிற்க, பெண்கள் வழக்கை விடாமல் நடத்தினார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் இறந்துபோன 54 பேர் போக, மிச்சம் 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தண்டிக்கப்பட்டவர்கள் அரசாணையோடு அந்த ஊருக்குள் போனவர்கள். என்னைப் போன்ற சர்க்கார் சம்பளக்காரர்கள் இதை மறக்காமல் இருப்பது நல்லது.

இந்த மாவட்டம் முழுக்க நடுகற்கள் நிற்கின்றன. ஆநிரை மீட்டுச் செத்தவன் கல்லாகி, சில இடங்களில் வேடியப்பன் என்று கும்பிடப்படுகிறான். ஊருக்காகச் சாகிறவனுக்குக் கல் நடுவது பழைய வழக்கம். வாச்சாத்திப் பெண்களுக்கு அந்தத் தீர்ப்பு நகல்தான் நடுகல். ஒரு வித்தியாசம், அவர்கள் உயிரோடு நின்று கேட்டு வாங்கினார்கள்.

ஆகவே வந்த ஊரை நேசிப்பது என்பது பிடித்ததைத் தேடும் வேலை இல்லை. அந்த ஊரில் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் வழக்கில் ஒரு தரப்பை எடுப்பது. அதை எங்கிருந்தும் தொடங்கலாம். சுலபமாகச் சாவி கிடைத்தவன் தன் வீட்டுக்காரரிடம் போய், 'மேல் மாடி காலியாத்தானே இருக்கு, அவருக்கு ஏன் தரலை?' என்று கேட்டுப் பார்க்கட்டும். அவனுடைய சாவியும் போகலாம். போனால் போகட்டும். மாம்பழமெல்லாம் அதற்குப் பிறகு.