ஒன்பது கட்டங்களும் ஒரு குரலும்

2008 கோடையில் ‘வாட்ச்மென்’ ஐடியூன்ஸில் வந்தது. சினிமா இல்லை, ஜாக் ஸ்னைடரின் படம் தியேட்டருக்கு வர அடுத்த ஆண்டு மார்ச் ஆகிவிட்டது. அதற்குள் ரசிகர்களைச் சூடாக வைத்திருக்க ஏதாவது வேண்டுமில்லையா? அப்படி வந்ததுதான் மோஷன் காமிக். ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்த 12 இதழ்களும் 12 எபிசோடுகளாயின. மொத்தம் ஐந்து மணி நேரத்துக்கும் மேல்.

புதிதாக எதையும் கற்பனை செய்யவில்லை. கிப்பன்ஸின் அதே ஓவியங்கள். அவற்றிலிருந்து ஆட்களைத் தனியாக வெட்டி எடுத்து, பின்னால் விழுந்த ஓட்டையை அடைத்து, கைகால்களைத் தனித்தனி அடுக்குகளாகப் பிரித்து அசைத்தார்கள். தலை திரும்புகிறது, கை உயர்கிறது, கேமரா மெதுவாக நகர்கிறது. ஏறக்குறைய தோல்பாவைக் கூத்தின் தொழில்நுட்பம், கணினியில். பேச்சுக் குமிழிகளும் அப்படியே திரையில் வருகின்றன. அவற்றை டாம் ஸ்டெக்‌ஷூல்ட் என்ற நடிகர் வாசிக்கிறார். எல்லாப் பாத்திரங்களுக்கும் அவர் ஒருவரேதான் குரல்.

இதைச் சோம்பேறி வேலை என்று தள்ளிவிடுவது சுலபம். நான் அப்படி நினைக்கவில்லை. ‘வாட்ச்மென்’னை மையமாக வைத்து வந்த எல்லாவற்றிலும் மூலத்தின் வரிகளுக்கும் கோடுகளுக்கும் மிக விசுவாசமாக இருந்தது இதுதான். ஸ்னைடர் முடிவையே மாற்றினார், இவர்கள் மாற்றவில்லை. இவ்வளவு விசுவாசமாக இருந்தும் அந்தப் புத்தகம் ஏன் இதில் இல்லை என்பதுதான் எனக்குக் கேள்வி.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். காமிக்ஸிலிருந்து இணையத்துக்கு வந்த முதல் அனிமேஷன் தொடர்கள் ஃப்ளாஷ் காலத்துக் குழந்தைகள். 2000 வாக்கில் ‘லோபோ’வும் ‘காதம் கேர்ள்ஸ்’ஸும் வந்தன. டெலிபோன் லைனில் முக்கி முனகி இறங்கும் இணையம் அது. கோப்பு சின்னதாக இருந்தாக வேண்டும், அதனால் தட்டையான வண்ணம், தடித்த கோடு, சில நிமிடக் கதை. அவர்கள் காமிக்ஸிலிருந்து எடுத்துக்கொண்டது பாத்திரத்தை மட்டும்தான். பக்கத்தை யாரும் தொடவில்லை. அதனால் மூலத்துக்குத் துரோகம் என்ற பேச்சே எழவில்லை. பார்த்தோமா, சிரித்தோமா, போனோமா. அகலப்பாட்டை வந்து, ஐடியூன்ஸில் எபிசோடு விற்கலாம் என்று ஆன பிறகுதான் பக்கத்தையே தூக்கித் திரையில் போடலாம் என்ற ஆசை வந்தது.

பக்கத்தைத் தூக்கும்போது எது கூட வரும், எது வராது?

காமிக்ஸில் நேரம் என்பது இடம். ஸ்காட் மெக்ளவுட் 1993-இல் எழுதிய ‘அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்’ நூலில் இதை விலாவாரியாகப் பேசுகிறார். இரண்டு கட்டங்களுக்கு நடுவில் இருக்கும் வெள்ளை இடைவெளியில் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் ஆனது என்பதை வாசகர்தான் நிரப்புகிறார். நீங்கள் ஒரு கட்டத்தில் அரை நிமிடம் நிற்கலாம், அடுத்ததை அரை நொடியில் தாண்டலாம். மேலே உள்ள கட்டத்தைப் படிக்கும்போதே கீழ்க் கட்டம் ஓரக்கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும். கடிகாரம் நம் கையில்.

‘வாட்ச்மென்’ இந்தக் கடிகாரத்தைப் பற்றிய புத்தகம். பெரும்பாலான பக்கங்கள் மூன்றுக்கு மூன்று என்று ஒன்பது கட்டங்கள். டிக், டிக், டிக் என்று ஒரே சீரில் போகும். எங்காவது ஒரு கட்டம் அகன்றால் நமக்கு மூச்சு வாங்கும். இந்தச் சட்டகம் வெறும் வடிவமைப்பு இல்லை, கதையே அதற்குள்தான் நடக்கிறது.

நான்காம் இதழை எடுத்துக்கொள்வோம். டாக்டர் மன்ஹாட்டன் செவ்வாய்க் கிரகத்தில் தனியாக இருக்கிறார். கையில் 1959-இல் எடுத்த ஒரு பழைய புகைப்படம். இன்னும் சில வினாடிகளில் அதைக் கீழே போடப்போகிறேன் என்று அவரே சொல்கிறார். ஒரு கட்டத்தில் படம் கையில் இருக்கிறது, அடுத்ததில் மணலில் கிடக்கிறது, பிறகு மறுபடி கையில். அங்கிருந்து கதை 1945-க்குத் தாவுகிறது. ஹிரோஷிமா செய்தியைப் படித்த அப்பா, மகன் ஆசையாகக் கற்றுக்கொண்டிருந்த கடிகாரப் பற்சக்கரங்களை ஜன்னல் வழியாகக் கொட்டுகிறார். திரும்ப 1959, திரும்ப 1985. எல்லாமே நிகழ்காலத்தில்தான் சொல்லப்படுகின்றன. மன்ஹாட்டனுக்கு இறந்தகாலம், எதிர்காலம் என்று எதுவும் கிடையாது. எல்லாம் ஒரே நேரத்தில் இருக்கின்றன.

இதை ஒரு பாத்திரம் வாயால் சொன்னால் அது தத்துவம். பக்கத்தில் அது அனுபவம். பக்கத்தைத் திறந்ததும் கையிலிருக்கும் படமும் மணலில் கிடக்கும் படமும் ஒரே பார்வையில் கண்ணில் படுகின்றன. இன்னும் விழாத படம் ஏற்கெனவே விழுந்து கிடப்பதை நாம் பார்க்கிறோம். அந்த நீல மனிதருக்கு உலகம் எப்படித் தெரியுமோ அப்படி. மனிதரைப் போலப் பேசவே வராத ஒரு பாத்திரத்தின் தலைக்குள் நம்மை உட்கார வைக்க மூருக்கும் கிப்பன்ஸுக்கும் வேறெதுவும் தேவைப்படவில்லை, காகிதம் போதுமாக இருந்தது.

மோஷன் காமிக்கில் இதே படங்கள் இதே வரிசையில்தான் வருகின்றன. ஆனால் ஒன்று போய்த்தான் இன்னொன்று வர முடியும். கையில் படம், அது மறைந்து மணலில் படம். முன்னும் பின்னும் வெட்டிக் காட்டும் சாதாரண ஃப்ளாஷ்பேக் உத்தியாகச் சுருங்கிப்போகிறது. மன்ஹாட்டன் தனக்கு எல்லாம் தெரிகிறது என்கிறார்; நாம் நம்பிக்கொள்ள வேண்டியதுதான். அவர் அந்தப் பக்கம், நாம் இந்தப் பக்கம். இவ்வளவு விசுவாசமாகக் காப்பியடித்தும் அத்தியாயத்தின் உயிர் கைமாறவில்லை.

ஐந்தாம் இதழ் இன்னும் மோசம். முதல் பக்கம் கடைசிப் பக்கத்துக்குக் கண்ணாடி, இரண்டாவது அதற்கு முந்தையதற்கு என்று போய், நடுவில் இரு பக்கங்கள் எதிரெதிராக நிற்கும். புத்தகத்தை விரித்து வைத்துப் புரட்டிப் பார்த்தால்தான் பிடிபடும். ஓடும் வீடியோவில் பின்பாதி வரும்போது முன்பாதி நினைவில் எங்கே இருக்கப்போகிறது?

புத்தகத்தின் முதல் பக்கம் வேறு மாதிரியான தோல்வி. சாக்கடையோரம் ரத்தக்கறை படிந்த சிரிப்பு முக பேட்ஜ். ஏழு கட்டங்களில் பார்வை அப்படியே மேலே ஏறி, உயரமான கட்டடத்தின் உடைந்த ஜன்னலில் வந்து நிற்கும். இது சினிமாவிடமிருந்து கடன் வாங்கிய உத்தி. அப்படியென்றால் திரையில் இது பிரமாதமாக வந்திருக்க வேண்டும் அல்லவா? வரவில்லை. ஒரே ஓட்டமாகக் கேமரா மேலே போகிறது, சரி, போகட்டும் என்று பார்க்கிறோம். கிரேனில் ஏறும் கேமராவை எத்தனை படங்களில் பார்த்தாகிவிட்டது! அசையாத ஏழு படங்கள் நம்மை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனதுதான் அதிசயம். அசைகிற படம் அசைந்தால் அதில் என்ன இருக்கிறது?

இப்போது குரல். ஸ்டெக்‌ஷூல்ட் நல்ல நடிகர், குரலில் தேர்ந்தவர். லாரியின் வசனத்தை ஒரு நடுவயது ஆண் மென்மையாக்கிப் பேசும்போது சங்கடமாக இருக்கிறது என்பது உண்மை. ஆனால் ஒரே ஆள் எல்லாருக்கும் பேசுவது நமக்குப் புதிதா என்ன? கதாகாலட்சேபத்தில் ராமனும் சீதையும் கூனியும் ஒரே தொண்டையிலிருந்துதான் வருவார்கள். அங்கே சொல்பவர் நம் கண்முன் நிற்கிறார். அவர் முகம்தான் எல்லா முகமும், அதனால் உறுத்தாது. இங்கே திரையில் லாரியின் முகம் இருக்கிறது, குரல் வேறெங்கிருந்தோ வருகிறது.

அதைவிடப் பெரிய தொல்லை குமிழிகள். எழுத்து திரையில் வந்ததுமே கண் படித்து முடித்துவிடுகிறது. குரல் இன்னும் பாதி வழியில்தான் இருக்கும். படித்துவிட்டு, யாரோ படித்து முடிக்கட்டும் என்று காத்திருக்கிறோம். அடுத்த வரியிலும் அதே கதை. ஐந்து மணி நேரம்ங்க! காமிக்ஸ் நமக்குக் கொடுத்திருந்த கடிகாரத்தைப் பிடுங்கிக்கொண்டு, பிடுங்கிய விஷயத்தை நிமிடத்துக்கு நாலு தடவை ஞாபகப்படுத்துகிறார்கள்.

எதுவுமே தேறவில்லை என்று சொல்ல மாட்டேன். ரோர்ஷாக்கின் முகமூடியில் மைக்கறை ஊர்ந்து உருமாறுவது அழகு. அவனது நாட்குறிப்பை ஸ்டெக்‌ஷூல்ட் கரகரவென்று வாசிக்கும் இடங்கள் நிஜமாகவே பிடித்துக்கொள்கின்றன. காரணம் தெரிந்ததுதான், அங்கே மூலமே ஒற்றைக் குரல். மாறாக, பத்திரிகைக் கடைக்காரர் வாய் ஓயாமல் பேச, பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்து கடற்கொள்ளையர் காமிக்ஸ் படிக்கும் காட்சிகளைப் பாருங்கள். புத்தகத்தில் இரண்டு வாசகங்கள் ஒரே கட்டத்துக்குள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடக்கும். எந்த வரி எந்த வரிக்குப் பதில் என்று நாமே முடிச்சுப் போடுவோம். ஒரு வாய் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பேச முடியும். தெருவோரத்துச் சந்தடி, வரிசையில் நின்று டோக்கன் வாங்கியதுபோல ஆகிவிடுகிறது.

வேறு வழியே இல்லையா என்றால், ஏழு வருஷம் முன்பே இருந்தது. ‘புரோக்கன் செயின்ட்ஸ்’ என்று கனடாவின் வான்கூவரில் மூன்று பேர் சேர்ந்து செய்த ஃப்ளாஷ் தொடர். 2001-இலிருந்து 2003 வரை 24 அத்தியாயங்கள். அது எந்தக் காமிக்ஸின் தழுவலும் இல்லை, ஆனால் காமிக்ஸின் மொழியில் யோசித்த படைப்பு. இணையத்தில் வந்தபோது வசனத்துக்குக் குரலே கிடையாது. படமும் எழுத்தும் இசையும் மட்டும். நாம்தான் படிக்க வேண்டும், குரலை நாமே கற்பனை செய்ய வேண்டும். அத்தொடரின் ஆன்மிகப் புலம்பல்கள் சில இடங்களில் கொட்டாவி வரவைக்கும், அது வேறு விஷயம். ஆனால் வாசகருக்கு ஒரு வேலை மிச்சம் வைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2006-இல் பெரிய நிறுவனம் ஒன்று டிவிடியாகப் போட்டபோது நடிகர்களை வைத்துப் பேச வைத்தார்கள். காசு வந்தால் முதலில் அமைதிக்குத்தான் ஆபத்து போல.

மோஷன் காமிக் இன்னொன்றையும் சத்தமில்லாமல் கழற்றிவிட்டது. புத்தகத்தில் பெரும்பாலான இதழ்களின் முடிவிலும் சுயசரிதைப் பகுதி, மருத்துவர் குறிப்பு, கட்டுரை, பேட்டி என்று படமில்லாத உரைநடைப் பக்கங்கள் உண்டு. அவற்றை அசைக்க முடியாது, அதனால் அவை இல்லை. எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று பார்த்தாலே, புத்தகத்தை அவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்று புரிந்துவிடுகிறது: அது ஒரு ஸ்டோரிபோர்டு. படத்துக்கு முந்தைய நிலை. ஆலன் மூருக்கும் பதிப்பகத்துக்கும் நடந்த பழைய சண்டையின் வேர் இதிலிருந்து ரொம்பத் தூரத்தில் இல்லை. புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை படைப்பாளிகளுக்குத் திரும்பும் என்பது ஒப்பந்தம். பதிப்பகம் அச்சை நிறுத்தவே இல்லை. மூர் படத்தில் தன் பெயரும் வேண்டாம், பணமும் வேண்டாம் என்றார். அவரை வீம்புக்காரக் கிழவர் என்று கிண்டல் செய்பவர்கள் இந்த ஐந்து மணி நேரத்தை ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கலாம். காமிக்ஸால் மட்டுமே முடிகிறவற்றைச் செய்து காட்டத்தான் இதை எழுதினேன் என்று அவர் தொடர்ந்து சொல்லிவந்ததற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

2009-இல் மார்வெலும் ‘ஸ்பைடர்-வுமன்’னோடு இந்தப் பக்கம் வந்தது. கொஞ்ச நாளில் அலை ஓய்ந்தது. நிலைத்தது வேறொன்று. இன்று நீங்கள் போனில் தள்ளித் தள்ளிப் படிக்கும் வெப்டூனில் படம் பெரும்பாலும் அசைவதில்லை, உங்கள் கட்டைவிரல்தான் அசைகிறது. வேகமாகத் தள்ளலாம், நிறுத்தலாம், பிடிக்காவிட்டால் மேலே போய் மறுபடி பார்க்கலாம்.

‘வாட்ச்மென்’ மோஷன் காமிக்கைப் பார்த்தே தீருவேன் என்பவர்கள் நான்காம் எபிசோடை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு படத்திலும் நிறுத்துங்கள், குமிழியைப் படியுங்கள், பிறகு ஓட விடுங்கள். கொஞ்ச நேரத்தில் கை தானாக முந்தைய படத்துக்குத் திரும்பிப் போகப் பார்க்கும். அது அங்கே இருக்காது.