மூன்று சொல்லுக்குள் அடங்காத பகரம்

ஆங்கில இலக்கியம் படிக்கும் நம் கல்லூரி மாணவர்கள் ஒலியியல் தாளுக்காக உருப்போடும் பெயர்களில் ஒன்று 'ஒலிப்பிலா ஈரிதழ் வெடிப்பொலி'. குண்டூசியைக் குறிக்கும் 'பின்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் ஒலி அது. குரல்மடல்கள் அதிர்கின்றனவா, தடை வாயில் எங்கே விழுகிறது, எப்படிப்பட்ட தடை என்ற மூன்று கேள்விகளின் விடைகளைக் கோத்தால் இந்தப் பெயர் கிடைத்துவிடும். ஆங்கிலத்தின் 24 மெய்யொலிகளுக்கும் இதே முறைதான். 1886இல் பாரிசில் தொடங்கிய பன்னாட்டு ஒலியியல் கழகத்தின் அட்டவணையும் இந்த மூன்றின் மேல்தான் நிற்கிறது.

மூன்றில் உறுதியானது இடம். எழுத்துகள் பிறக்கும் இடத்தைத் தொல்காப்பியப் பிறப்பியல் பேசுவதால் நமக்கு இது புதிதுமல்ல. ஆங்கில டகரத்துக்கு நாக்கு மேல்பல்லுக்குப் பின்னுள்ள மேட்டைத் தொட வேண்டும். தமிழ்நாட்டில் நாக்கை உள்ளே வளைத்து நம் 'ட்'டையே ஒலிக்கிறோம். யாழ்ப்பாணத்தாரோ 'கிரிக்கற்', 'மார்க்கற்' என்று எழுதுகிறார்கள். அவர்கள் பேச்சின் றகரம் அந்த மேட்டுக்கு மிக அருகில் பிறக்கிறது. இந்த வேறுபாட்டை மாணவருக்குக் காட்ட இடப்பெயர் ஒன்றே போதும்.

வம்பு முதல் சொல்லில் இருக்கிறது. குப்பைத்தொட்டியைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் 'பின்' என்றே எழுதுகிறோம் என்பதால் பொருளை வைத்தே இரண்டையும் பிரித்துச் சொல்கிறேன். குண்டூசிப் பகரம் ஒலிப்பிலாதது, தொட்டிப் பகரம் ஒலிப்புடையது என்கிறது பாடம். ஆனால் சொல்லின் முதலில் வரும்போது, தொட்டிப் பகரத்திலும் இதழ் திறக்கும்வரை பல ஆங்கிலேயருக்குக் குரல்மடல் அதிர்வதில்லை. அவர்கள் காது தேடுவது குண்டூசிப் பகரத்துக்குப் பின் வரும் மூச்சை.

ஒலியியலாளர்களான லீ லிஸ்கரும் ஆர்தர் ஆபிரம்சனும் 1964இல் 11 மொழிகளில் இதை அளந்து வெளியிட்டார்கள். இதழ் திறந்ததற்கும் அதிர்வு தொடங்கியதற்கும் உள்ள இடைவெளிதான் அளவு. ஆங்கிலக் குண்டூசிப் பகரத்துக்கு அது ஏறக்குறைய 60 மில்லி விநாடி. தொட்டிப் பகரத்துக்கு அநேகமாக ஒன்றுமில்லை. அந்த 11 மொழிகளில் தமிழும் ஒன்று. தமிழரின் ஒலிப்பிலாப் பகரத்தில் இடைவெளி மிகக் குறுகியது, ஆங்கிலத் தொட்டிப் பகரத்தை ஒட்டியே நிற்கிறது. பாடத்தில் சொன்னபடி அதிர்வில்லாமல், ஆனால் மூச்சும் விடாமல் ஒலித்த மாணவர் குண்டூசி கேட்டால், ஆங்கிலக் காதில் குப்பைத்தொட்டி விழ இடமுண்டு. பெயரை அவர் பிழையாகப் படிக்கவில்லை. பெயர் முக்கியமானதை விட்டுவிட்டது.

சொல்லின் கடைசியிலும் இதே கதை. இருக்கையைக் குறிக்கும் 'சீட்', விதையைக் குறிக்கும் 'சீட்' இரண்டையும் பிரித்துக் காட்டுவதில் பெரும்பங்கு நடுவிலுள்ள ஈகாரத்தின் நீளத்துக்கே. விதையில் அது நீள்கிறது, இருக்கையில் சுருங்குகிறது.

அட்டவணைக்காரர்களிடமும் நியாயம் இருக்கிறது. மூச்சு எங்கே வரும் என்பதை விதியாகச் சொல்லிவிடலாம். ஆகவே அதைப் பெயரில் ஏற்றாமல் மாற்றொலிகளின், அதாவது ஒரே ஒலி இடத்துக்கேற்ப எடுக்கும் வடிவங்களின், கணக்கில் தள்ளினார்கள். ஒலிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க விரும்பும் மொழியியலாளருக்கு இது சிக்கனம். வாயைத் திறந்து பேச வேண்டியவருக்கு அப்படி அல்ல. பிரிட்டனில் சிலர் அதிர்வை விட்டுவிட்டு வன்மை, மென்மை என்று விசையை வைத்துப் பெயரிட்டார்கள். அந்த விசையை அளப்பது எளிதாக இல்லை. அளக்க முடியாததை மாணவருக்கு எப்படிக் கற்பிப்பது?

மூன்றாவது சொல்லின் குறைகள் சிறியவை. ஹகரத்தை உரசொலி என்கிறார்கள். உண்மையில் அது அடுத்து வரும் உயிரை அதிர்வின்றி ஒலிப்பதற்கு நெருங்கியது. அமெரிக்க ரகரத்தைச் சிலர் நாநுனியை உயர்த்தியும் சிலர் நாவின் உடலைத் திரட்டியும் ஒலிக்கிறார்கள், காதுக்கோ இரண்டும் ஒன்றுதான். எந்த முச்சொல் பெயரும் இங்கே கைகொடுக்காது.

தேர்வில் பெயர் எழுதினால் மதிப்பெண் உண்டு. வாய்க்கு முன் தாள் துண்டைப் பிடித்து, பகரம் அதை அசைக்கிறதா என்று பார்த்தால் இல்லை. என்னைக் கேட்டால், தமிழ் மாணவருக்கு முதலில் இடத்தையும், அடுத்து மூச்சையும், பிறகு உயிரின் நீளத்தையும் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதிர்வைக் கடைசியில் வைக்கலாம்.