கறுப்புக் கம்பளியின் கதகதப்பு

தக்காணத்துச் செம்மறியின் கறுப்பு மயிருக்குச் சாயமே வேண்டாம். கர்நாடகத்தின் சள்ளகெரே பக்கம் குருபர் சமூகத்தினர் அதைக் கத்தரித்து, நூற்று, பாவுக்குப் புளியங்கொட்டைப் பசை ஏற்றி, குழித்தறியில் நெய்கிறார்கள். விறைப்பான அந்தக் கம்பளி முதல் நாள் உறுத்தத்தான் செய்யும்.

ஆனால் தூக்கத்துக்கு அதுபோல ஒரு துணை அரிது.

சுருள் இழைகளுக்குள் அடைபட்ட காற்று குளிரைத் தடுக்கிறது. அதைவிட அழகான வேலை, வேர்வையைக் கையாள்வதுதான். கம்பளி இழை தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீத ஈரத்தை ஆவியாகவே உள்ளிழுத்துக்கொள்ளும், தொட்டால் நசநசக்காது. பாலியெஸ்டர் போர்வைக்குள் நடு இரவில் புழுங்கி, உதறி, பின் குளிர்ந்து மறுபடி இழுத்துப் போர்த்தியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

கிடை போட்டுப் பனியில் படுக்கும் மேய்ப்பர்களுக்கு அதுவே பாய், அதுவே போர்வை; தூறல் விழுந்தால் தலையில் மடித்துப் போடும் கொங்காணியும் அதுவே.