நகுவாளும் நகப்படுவாளும்: பார்பரா பிம்மின் புதினம் ஒன்றைப் பற்றிய கருத்து வேறுபாடு

ஆங்கில எழுத்தாளர் பார்பரா பிம் (1913–1980) இயற்றிய 'எக்ஸலண்ட் விமன்' என்னும் புதினம் 1952-ஆம் ஆண்டில் வெளிவந்தது. மணஞ்செய்து கொள்ளாத பெண்ணொருத்தி தன் கதையைத் தானே கூறுவதாக அமைந்த நகைச்சுவைப் புதினம் அது. எழுபது ஆண்டுகட்கு மேலாகியும் அதனைக் கற்றார் ஒரு முடிபுக்கு வந்திலர். இனிய நகைச்சுவை நூல் எனப் போற்றுவார் ஒரு சாரார். நகையை மேலே பூசிய துயரநூல் என்பார் மற்றொரு சாரார். ஆடவர்க்குத் துணைப்பணி புரிதலே பெண்ணின் நிறைவு எனக் காட்டுவதாகச் சினந்து ஒதுக்குவாரும் உளர். முதுகலை மாணவரோடு இந்நூலைப் படித்தபோது இம்மூன்று கட்சிகளும் ஒரே வகுப்பில் எழக் கண்டேன். ஒரு நூல் பலர்க்குப் பலவாறு தோன்றுதல் புதுமையன்று. ஆயின், ஒரே பகுதியைக் காட்டி ஒருவர் நகைப்பதும் மற்றவர் வருந்துவதும் ஆராயத்தக்கன. இவ்வேறுபாடு கற்பாரின் மனப்பாங்கினால் மட்டும் எழுவதன்று; கதை கூறுவாளின் நகை எவ்வகையது என்பதை வரையறுத்துக் கொள்ளாமையாலும் எழுவது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

கதை சிறிது. இரண்டாம் உலகப்போர் முடிந்து, உணவுப் பங்கீடு நீங்காத இலண்டன் மாநகர். மில்ட்ரெட் லாத்பரி என்பாள் முப்பது வயதைச் சற்றே கடந்தவள். மறைந்த மதகுரு ஒருவரின் மகள். நலிவுற்ற உயர்குடிப் பெண்டிர்க்கு உதவும் கழகமொன்றில் அரைநாட் பணி. எஞ்சிய பொழுது தேவாலயத் தொண்டு. அவள் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் மானிடவியல் அறிஞர் ஹெலனா நேப்பியரும், கடற்படையினின்று மீளும் அவள் கணவன் ராக்கியும் குடிபுகுகின்றனர். ஹெலனாவின் ஆய்வுத் தோழர் எவரார்டு போன் என்பவரும் அறிமுகமாகிறார். தேவாலயத்து மதகுரு ஜூலியன் மாலரியின் இல்லத்திற்கு அல்லெக்ரா கிரே என்னும் கைம்பெண் வாடகைக்கு வருகிறாள். அவளுக்கும் ஜூலியனுக்கும் மணம் உறுதியாகிப் பின் முறிகிறது. பிறர் இல்லங்களில் எது முறியினும் முதலில் தட்டப்படுவது மில்ட்ரெட்டின் கதவே. கணவனை விட்டு ஹெலனா பிரிந்தால், அவனுக்கு உணவளிப்பவளும், இருவரையும் இணைக்கக் கடிதம் எழுதுபவளும் இவளே.

தேநீரும் தேவாலயமும் அன்றி இதில் யாதுளது எனத் தள்ளுவார்க்கு நீள விடை கூற வேண்டுவதில்லை. சிறுபொருள் பற்றிய நூல் சிறுநூலாகி விடாது.

ஏனைய மூன்று கட்சிகளையும் ஆராய, நம் மரபில் ஒரு கருவி கிடைக்கின்றது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், நகைக்கு நிலைக்களனாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கினைக் கூறும். இவற்றுள் எள்ளலைப் பேராசிரியர் இரண்டாகப் பகுப்பார்: தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று, பிறரால் தான் எள்ளப்பட்டவிடத்துத் தானே நகுதல் மற்றொன்று. முன்னது எளிதிற் புலப்படும். பின்னதைப் பலரும் போதிய அளவு கருதுவதில்லை. எள்ளப்பட்டவன் சினத்தலும் அழுதலும் இயல்பு. நகுதல் எங்ஙனம் இயலும்? தன்னைப் பிறர் காணும் உருவைத் தானும் கண்டு, அவ்வுருவுக்கும் தனக்கும் உள்ள இடைவெளியை அறிந்தவிடத்தே அந்நகை தோன்றும். பிம்மின் புதினம் பெரிதும் இவ்விரண்டாம் எள்ளலின்மேல் நிற்பது.

ஜூலியனின் மணவுறுதி வெளிப்பட்ட பகுதியைக் காண்க. மில்ட்ரெட் அவரைக் காதலித்தாள் என்பதும், இப்போது உளமுடைந்திருப்பாள் என்பதும் ஊரார் தாமே கற்பித்துக் கொண்டவை. ஒருவர் பின் ஒருவராக வந்து ஆறுதல் கூறுகின்றனர். ஜூலியனும் அவளுக்காக இரங்குகிறார். விரும்பாத ஒன்றை இழந்தமைக்கு இரங்கற்பட்டு, அவ்விரக்கத்தை மறுத்தால் அம்மறுப்பே காதலுக்குச் சான்றாகிவிடும் இக்கட்டில் அவள் நிற்கிறாள். இங்கே நகைக்குரியார் யார்? முதற் கட்சியார், அறியாது இரங்கும் ஊரார் என்பர். இரண்டாம் கட்சியார், இங்கு நகையே இல்லை, ஊரால் துரத்தப்படும் ஒரு பெண்ணே உளள் என்பர். இரண்டும் பாதி உண்மை. ஊரார் தன்னுள் காணும் கைவிடப்பட்ட கன்னியை மில்ட்ரெட்டும் ஒரு கணம் காண்கிறாள். அவ்வுருவம் தனக்கு முற்றும் பொருந்தாதெனவும், முற்றும் பொய்யுமன்று எனவும் அறிகிறாள். நகை அங்கே பிறக்கிறது.

தேநீர் பற்றிய பகுதியும் இத்தகையதே. தேவாலய மகளிர் கூட்டமொன்றில், பெரிய தேநீர்க் கலத்தை ஏந்தி நிற்கும் ஒருத்தியிடம், இப்போது தேநீர் தேவைதானா என மில்ட்ரெட் வினவி விடுகிறாள். கேட்டவள் கலங்கிப் போகிறாள். மிகச் சிறிய வினா. ஆயினும் ஒரு வாழ்வின் அடித்தளத்தைத் தொட்டுவிட்டதை வினவியவள் உணர்கிறாள். அவ்வினா தன் வாழ்வையும் நோக்கியது என்பதும் அவள் அறியாததன்று. வெடிச்சிரிப்பை எதிர்நோக்குவார்க்கு இப்பகுதியில் ஒன்றும் கிடைக்காது.

புதினத்தின் பெயரையும் நோக்குதல் வேண்டும். 'மிக நல்ல பெண்கள்' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் உயிர் போய்விடும். 'அவள் தங்கமானவள்' என்று நம்மவர் கூறுவதுண்டு. புகழ்ந்த கையோடு ஒதுக்கியும் வைக்கும் சொல் அது. ஆங்கிலத் தலைப்பின் தொனி ஏறத்தாழ அதுவே. இப்பெயர்க்குரியாரைப் பற்றி மில்ட்ரெட்டும் எவரார்டும் உரையாடும் பகுதி நூலின் மையம் என்பேன். அத்தகைய பெண்கள் மணத்திற்குரியர் அல்லர் என்கிறாள் அவள். மணமின்மை இல்லாமை அன்று, அஃது ஒரு நிலை என்றும் வரையறுக்கிறாள். அவர்கட்கு ஏனையோர்போல் உணர்ச்சிகள் உண்டல்லவா என அவர் இரங்கிக் கேட்க, உண்டு, ஆயினும் அவை பற்றிச் செய்யத்தக்கது ஏதுமில்லை என்பது விடை. இவ்விடையைக் கற்றபின், இது கவலை மறக்கச் செய்யும் நூல் என்று கூற எனக்கு நா எழவில்லை. இழப்பு உண்டு என்பதை அவளே ஒப்புகிறாள். ஆயினும் அவ்வொப்புதல், பெருமூச்சாக வாராமல் ஒரு சட்டவிதிபோல் வருகிறது. அதனால் துயரநூல் என்னும் பெயரும் முழுதும் ஒட்டுவதாயில்லை.

இரண்டாம் கட்சி வலுப்பெற்றமைக்கு நூலுக்குப் புறத்தே ஒரு காரணமும் உண்டு. ஆறு புதினங்களை வெளியிட்டிருந்த பிம்மின் ஏழாம் படைப்பை 1963-இல் அவருடைய பதிப்பகம் மறுத்தது. அதன்பின் நெடுங்காலம் அவர் நூல் எதுவும் அச்சேறவில்லை. 1977 ஜனவரியில் 'டைம்ஸ் லிட்டரரி சப்ளிமெண்ட்' இதழ், தகுதிக்குரிய மதிப்புப் பெறாத எழுத்தாளர் யாவர் என அறிஞர்களை வினவியபோது, கவிஞர் பிலிப் லார்க்கினும் திறனாய்வாளர் டேவிட் செசில் பிரபுவும் தனித்தனியே பிம்மின் பெயரைக் குறித்தனர். அவ்வாண்டிலேயே 'குவார்ட்டெட் இன் ஆட்டம்' வெளிவந்து புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. முதுமையை எய்தும் அலுவலகத் தோழர் நால்வரின் தனிமையைக் கூறுவது அது. அவருள் மார்சியா என்பாள், பால் புட்டிகளையும் உணவு டப்பிகளையும் சேர்த்து வைத்துக்கொண்டே உண்ணாது நலிந்து இறக்கிறாள். இந்நூல் வழியே பிம்மை அறிந்தோர் பின்னோக்கி 1952-ஆம் ஆண்டுப் புதினத்திற்குச் சென்றனர். மில்ட்ரெட்டின் பின்னே மார்சியாவின் நிழலைக் கண்டனர். வெளிவந்த முறையிற் கற்றவர்க்கு அந்நிழல் இல்லை. கற்கும் வரிசையே சுவையை மாற்றுவதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

மூன்றாம் கட்சியின் வாதமே வலியது. அதனை எளிதாகக் கடத்தல் நேர்மையன்று. இறுதியில் எவரார்டு மில்ட்ரெட்டை விருந்துக்கு அழைத்து, தம் நூலின் அச்சுப்படிகளைத் திருத்தித் தரவும், பொருளகராதி தொகுக்கவும் வேண்டுகிறார். அவளும் இசைகிறாள். அதனினும் கொடியது, 1955-இல் வந்த 'லெஸ் தேன் ஏஞ்சல்ஸ்' என்னும் பிம்மின் மற்றொரு புதினத்தில் போகிற போக்கில் வரும் ஒரு செய்தி: எவரார்டு மணந்துகொண்டார், மனைவி சற்றுச் சுவையற்றவள், எனினும் அவர் பணிக்குப் பெருந்துணை, மதகுருவின் மகளாதலால் ஆப்பிரிக்காவில் சமயப் பணியாளரோடு நன்கு பழகுகிறாள். பெயர் கூறப்படவில்லை; ஆயினும் ஐயத்திற்கு இடமில்லை. தன் குரலால் ஒரு நூல் முழுவதும் நம்மை ஆண்ட மில்ட்ரெட், பிறர் வாயில் ஒரு வாக்கியத்தில் 'சுவையற்றவள்' ஆகிவிட்டாள்.

இதனை ஆசிரியரின் தீர்ப்பு எனக் கொள்வோர் உளர். யான் அவ்வாறு கொள்ளேன். முன்னைப் புதினம் அகநிலையில் எதைக் காட்டியதோ, அதன் புறத்தோற்றத்தை இப்பின்னைக் குறிப்பு காட்டுகிறது. உலகம் இத்தகைய பெண்ணை எத்துணைச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடும் என்பதற்கு அதுவே அளவு. முன்னதைக் கற்றவரே அச்சுருக்கத்தின் அநீதியை உணர்வர். பிம் தாமும் மணம் செய்து கொள்ளாதவர். இலண்டனில் பன்னாட்டு ஆப்பிரிக்கக் கழகத்தில் பணியாற்றி, மானிடவியலாரின் ஆய்வேடுகளைப் பதிப்பித்தவர். அச்சுப்படியும் பொருளகராதியும் அவர் அன்றாடங் கண்டவை. அவ்வேலையின் சலிப்பையும் அதிலுள்ள சிறு இன்பத்தையும் அறியாது அவர் அக்காட்சியை எழுதியிரார்.

புதினம் முடியும் இடத்தை மீண்டும் நோக்குக. ஜூலியனை ஏனைய பெண்டிரிடமிருந்து காக்கும் கடமை ஒருபுறம், எவரார்டின் நூற்பணி ஒருபுறமாகத் தனக்கும் நிறைவான வாழ்வு அமையக்கூடும் என மில்ட்ரெட் எண்ணுகிறாள். மூன்று கட்சியாரும் காட்டும் பகுதி இதுவே: முதலாமவர்க்கு மங்கலமுடிவு, இரண்டாமவர்க்குத் தன்னைத்தானே ஏமாற்றும் ஆறுதல், மூன்றாமவர்க்கு அடிமை ஓலை. ஆயின், 'நிறைவான வாழ்வு' என்பது மில்ட்ரெட்டின் சொல்லன்று. அது ஹெலனாவின் சொல் என்பதை அவள் அவ்வாக்கியத்திலேயே குறிக்கிறாள். தன் எதிர்காலத்திற்கு அவள் பெயரிடும்போதும், தன்னை ஒருபோதும் பொருட்படுத்தாத அண்டைவீட்டாளிடமிருந்து அப்பெயரை இரவல் வாங்கி, இரவல் என்று சொல்லியே கையாள்கிறாள்.